தோ பாயோவிலிருந்து மேற்கே: வீடு மாறிய ஒரு குடும்பத்தின் எடைக் கணக்கு

பின்னணி

கணவருக்கு வயது 47, மனைவிக்கு 44, கணவரின் தாயாருக்கு 71. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். பெரியவர்கள் மூவரின் உடல் எடை பற்றியது நாங்கள் செய்த இந்த ஆய்வு. அடையாளம் தெரியாதிருக்கப் பெயர்களும் பணியிடமும் புது நகரின் பெயரும் விடப்பட்டுள்ளன.

2024 ஜனவரிவரை இவர்கள் சிங்கப்பூரின் தோ பாயோவில் பழைய மூவறை வீடு ஒன்றில் இருந்தார்கள். 1960களின் நடுவில் எழத் தொடங்கிய தோ பாயோ, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) தொடக்கம் முதல் தானே திட்டமிட்டுக் கட்டிய முதல் நகரம். சந்தை, கோப்பிக்கடை, கிளினிக், பள்ளி எல்லாம் நடக்கும் தொலைவில் இருக்கும்படி வட்டாரம் வட்டாரமாகக் கட்டப்பட்ட ஊர். புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழே திறந்த வெற்றுத்தளம்; கல் மேசை; வெயிலோ மழையோ, ஒரு வெற்றுத்தளத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவியே பாதி வழியைக் கடந்துவிடலாம்.

கணவர் கட்டடப் பராமரிப்புத் தொழில்நுட்பர். காலையில் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு 700 மீட்டர் நடை; இறங்கும் இடத்திலிருந்து வேலையிடத்துக்கு இன்னும் 800 மீட்டர். மாலையில் அதே வழி திரும்பி. மனைவிக்கு 850 மீட்டரில் இருந்த தொடக்கப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை, பெரும்பாலும் நின்றபடி. சந்தை 300 மீட்டர். செவ்வாய், வெள்ளிகளில் லோரோங் 8இல் உள்ள ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயிலுக்கு மாமியாரும் மருமகளும் நடந்தே போய் வந்தார்கள். தாயார் தினமும் காலை 9 மணிக்குக் கீழே இறங்கி, வெற்றுத்தளத்தில் தம் வயதுப் பெண்கள் நால்வரோடு ஒன்றரை மணி நேரம் இருப்பார்.

மூவரில் யாரும் உடற்பயிற்சி என்று எதையும் செய்ததில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று முக்கியம்.

பிள்ளைகள் வளர்ந்து இடம் போதாமல் போனதால் தேவைக்கேற்பக் கட்டித்தரப்படும் வீட்டுக்கு விண்ணப்பித்து, குலுக்கலில் கிடைத்த ஐந்தறை வீட்டுக்கு மேற்கே குடிபெயர்ந்தார்கள். பதினான்காம் மாடி, நல்ல காற்று, அகலமான சமையலறை. வீட்டைப் பற்றி யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒன்பது மாதம் கழித்து

2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்னும் அரசின் நோய்த்தடுப்புத் திட்டத்தில் மூவரும் சேர்ந்திருந்ததால் 2023 நவம்பரில் எடுத்த எடை கிளினிக் பதிவில் இருந்தது. பழைய அளவு கையில் இல்லாமல் போயிருந்தால் இந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது. அடுத்த அளவு 2024 அக்டோபரில் எடுக்கப்பட்டது.

கணவர் (172 செ.மீ. உயரம்) 78.5 கிலோவிலிருந்து 83.7 கிலோவுக்கு ஏறியிருந்தார். பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு) 26.5இலிருந்து 28.3. சிங்கப்பூரில் ஆசியர்களுக்கென வைத்திருக்கும் வரம்பின்படி 23 முதல் 27.4வரை மிதமான ஆபத்து, 27.5க்கு மேல் அதிக ஆபத்து. அந்தக் கோட்டை அவர் தாண்டியிருந்தார். இடுப்பு 94 செ.மீ.யிலிருந்து 99. வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.3 மில்லிமோல், நீரிழிவு இல்லை, இயல்பும் இல்லை.

மனைவி (158 செ.மீ.) 64.2இலிருந்து 67.9 கிலோ. இடுப்பு 84இலிருந்து 88.

தாயார் 54 கிலோவிலிருந்து 51.2க்கு இறங்கியிருந்தார். “அம்மாவாவது மெலிஞ்சிருக்காங்களே” என்று வீட்டில் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். அது நல்ல செய்தி இல்லை. பதினொரு மாதத்தில், எந்த முயற்சியும் இல்லாமல், 5 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்தால் மூத்தோரிடத்தில் அது விசாரிக்க வேண்டிய அறிகுறி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னபோது 17 நொடி ஆயிற்று. தசைநலிவு பற்றிய ஆசிய வழிகாட்டி 12 நொடியை எல்லையாக வைக்கிறது. மருத்துவர் தைராய்டு, சர்க்கரை, இரத்தச்சோகை எல்லாம் சோதித்துப் பார்த்தார். நோய் எதுவும் தென்படவில்லை. குறைந்தது கொழுப்பைவிடத் தசையாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. ஒரே குடியிருப்பு மகனுக்கு எடையை ஏற்றியது, தாய்க்கு இறக்கியது. இரண்டுக்கும் வேர் ஒன்று: கால்களுக்கு வேலை இல்லாமற்போனது.

கைப்பேசியில் பதிவான காலடிகளையும் பார்த்தோம். வீடு மாறுமுன் மூன்று மாதச் சராசரி கணவருக்கு நாளுக்கு 8,900. மாறிய பின் 4,600. மனைவிக்கு 7,800இலிருந்து 3,900. மனைவியின் எண்ணை அப்படியே நம்ப முடியாது. சமையலறை மேடையில் கைப்பேசியை வைத்துவிட்டு வீட்டுக்குள் நடப்பதெல்லாம் கணக்கில் வராது. ஆனால் பழைய வீட்டிலும் அதே பழக்கம்தான் என்பதால் வித்தியாசத்தை ஓரளவு ஏற்கலாம்.

அன்றாடம் எப்படி மாறியிருந்தது

கணவர் பழைய மோட்டார்சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். அந்தப் பகுதிக்கு ரயில் இன்னும் வரவில்லை. ஜூரோங் வட்டார ரயில் பாதை 2027 முதல் கட்டங்கட்டமாகத் திறக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை பேருந்து, பிறகு ரயில், ஒருவழிக்கு 70 நிமிடம். மோட்டார்சைக்கிளில் 30. யாராக இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பலமாடிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து மின்தூக்கிக்குக் கூரையிட்ட பாலம் உண்டு. வீட்டுக் கதவிலிருந்து வண்டிவரை எண்ணிப் பார்த்தால் 92 காலடி.

மனைவிக்குப் பழைய வேலை இரண்டு பேருந்து மாறும் தொலைவாகிவிட்டது. விட்டுவிட்டு வீட்டிலேயே ரவிக்கை தைக்கத் தொடங்கினார். ஐந்து மணி நேரம் நின்று செய்த வேலை போய், ஐந்து மணி நேரம் உட்கார்ந்து செய்யும் வேலை வந்தது. காய்கறி, மீன், அரிசி எல்லாம் செயலி வழியாக வாசலுக்கே வந்தன.

தாயார் வாரத்துக்கு ஒருமுறைகூடக் கீழே இறங்குவதில்லை. முழங்கால் வலி காரணமாக இருக்கும் என்றார் மகன். அவரையே கேட்டபோது வேறு பதில் வந்தது: “இறங்கி யார்கிட்டப்பா பேசுறது? கீழ வண்டிதான் நிக்குது.” உண்மைதான். அந்தப் புளோக்கில் தரைத்தளம் முழுதும் வண்டி நிறுத்துமிடம். வெற்றுத்தளம் என்று ஒன்று இல்லை. தோட்டமும் இருக்கைகளும் நான்காம் மாடிக் கூரைத்தளத்தில் இருந்தன. அங்கே போகும் பொத்தானை அவர் அழுத்தியதே இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. புளோக்கிலிருந்து 150 மீட்டரில் உடற்பயிற்சிக் கருவிகளும் மெதுவோட்டப் பாதையும் இருந்தன. ஒன்பது மாதத்தில் கணவர் அங்கே இரண்டு முறை போயிருக்கிறார். மற்ற இருவரும் போகவேயில்லை. பழைய இடத்தில் இவர்கள் நடந்தது உடலுக்காக இல்லை. வேலைக்கும் மீனுக்கும் கோயிலுக்கும் பேச்சுத்துணைக்கும் நடந்தார்கள். அந்தக் காரணங்கள் போனதும் நடையும் போயிற்று. ஓட்டப்பாதையால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை.

வழியை அளந்தபோது

குடும்பத்தின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுமுன் இடத்தை அளப்பது என்று முடிவாயிற்று. தேவைப்பட்டவை கொஞ்சம்தான்: கைப்பேசி வரைபடம், நிறுத்துகடிகாரம், ஒரு குறிப்பேடு. காலை 7, பகல் 1, இரவு 7.30 என மூன்று நேரம். ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு, ஒரு மழைநாள்.

முதலில் சுற்றுவழி விகிதம், அதாவது நடந்துபோகும் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்தால் வரும் எண். அருகிலுள்ள கடைத்தொகுதி நேர்கோட்டில் 310 மீட்டர், நடந்தால் 720. விகிதம் 2.3. இது 1.5க்குள் இருந்தால் நல்ல பாதைப் பின்னல் என்று கொள்ளலாம். 2ஐத் தாண்டினால் எதிரே கடை தெரிந்தும் சுற்றிப் போக வேண்டிய எரிச்சலே ஆளை வீட்டில் நிறுத்திவிடும். இங்கே குறுக்கே நின்றது கட்டுமானத் தகரவேலி. அடுத்த தொகுதி கட்டி முடியும்வரை அந்த வழி அடைப்பு.

அடுத்தது சாலைச் சந்திப்பு. அந்த 720 மீட்டரில் ஆறு தடச் சாலை ஒன்று உண்டு. நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் விளக்குக்காகக் காத்திருந்தது அதிகபட்சம் 105 நொடி, நிழலில்லாமல். கடக்க வேண்டிய அகலம் 22 மீட்டர். பச்சையும் மினுக்கலும் சேர்த்துக் கிடைத்தது 24 நொடி. தாயாரின் நடைவேகம் நொடிக்கு 0.8 மீட்டர்; அவருக்கு 27 நொடிக்கு மேல் வேண்டும். ஒருமுறை நடுவே மாட்டிக்கொண்டதை அப்போதுதான் சொன்னார். அந்தக் கம்பத்தில் மூத்தோர் சலுகை அட்டையைத் தொட்டால் பச்சை நேரத்தை நீட்டும் கருவி இருந்தது. சாலை அகலத்துக்கேற்ப 3 முதல் 13 நொடிவரை அது கூட்டும். அட்டை அவர் பையிலேயே இருந்தது. கருவி எதற்கென்று யாரும் சொல்லித்தரவில்லை.

மூன்றாவது நிழல். எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் கூரையிட்ட நடைபாதை அமைக்கும் திட்டத்தில் 2018க்குள் தீவு முழுதும் 200 கிலோமீட்டர் கட்டப்பட்டது. ரயில் வராத இடத்தில் கூரை பேருந்து நிறுத்தத்தோடு நின்றுவிடுகிறது. இங்கே கடைசி 260 மீட்டர் வெட்டவெளி. நட்ட மரங்கள் இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. மாலை 5 மணி வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. தோ பாயோவில் அறுபது ஆண்டு மரங்கள் தரும் நிழலை எந்த வரைபடமும் ஒரே நாளில் தந்துவிடாது.

நான்காவது இருக்கை. வழியில் முதல் பெஞ்சுக்கு 340 மீட்டர். முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு 100 மீட்டருக்கு ஒன்றாவது வேண்டும்.

ஐந்தாவது, வீட்டுக்கு மிக அருகில் என்ன விற்கிறார்கள் என்பது. மின்தூக்கி முகப்பிலிருந்து 80 மீட்டரில் 24 மணி நேர உணவுக்கடை. பச்சைக் காய்கறி கிடைக்கும் முதல் இடம் 1.1 கிலோமீட்டர். இரவு 7 மணிக்குப் பசியோடு வண்டியை நிறுத்தும் கணவர், வாரத்தில் நான்கு நாள் அந்தக் கடையில் ஒரு தேயும் (தேநீரும்) இரண்டு புரோட்டாவும் முடித்தே மேலே ஏறினார். பழைய இடத்திலும் கோப்பிக்கடை உண்டுதான், ஆனால் ரயிலிறங்கி வரும் வழியில் பழக்கடையும் இருந்தது. வீட்டில் சாப்பாடும் அந்நேரத்துக்குத் தயாராக இருந்தது. இப்போது பிள்ளைகளின் பேருந்து தாமதத்தால் சாப்பாடு 8.15க்கு.

எடையேற்றத்தை எப்படிப் பிரித்துக் கணக்கிட்டோம்

வீடு மாறியதால் நடை குறைந்தது, நடை குறைந்ததால் எடை ஏறியது என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும். கணக்கு அதற்கு இடம் தரவில்லை.

கணவருக்கு நடை குறைந்த அளவு நாளுக்கு 4,300 காலடி, ஏறக்குறைய 3 கிலோமீட்டர். 80 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடக்க, சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது சுமார் 40 கலோரி. ஆக நாளுக்கு 120. பெரியவர்களின் உடல், நாள்தோறும் 24 கலோரி நிரந்தரமாகக் கூடினால் கடைசியில் ஒரு கிலோ ஏறி நிற்கும் என்றும், அதில் பாதி முதல் ஓராண்டில் நடக்கும், மீதி மூன்றாண்டுவரை இழுக்கும் என்றும் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் கூட்டாளிகளும் 2011இல் காட்டினார்கள். அந்தக் கணக்கில் நடைக்குறைவு மட்டும் ஒன்பது மாதத்தில் தந்திருக்கக்கூடியது 2 கிலோவை ஒட்டி. அவருக்கு ஏறியது 5.2. மீதி மூன்று கிலோ அந்த 80 மீட்டரில் இருந்த கடையிலிருந்து வந்தது. பால் சேர்த்த தே ஒன்றுக்கு 150 கலோரி அளவில் என்றால் இரண்டு புரோட்டாவோடு 500ஐத் தாண்டும். வீட்டுச் சாப்பாட்டை அவர் குறைத்துக்கொண்டதும் இல்லை.

நடைக்குறைவு, உணவு இரண்டுமே இடத்தின் அமைப்பிலிருந்து வந்தவைதாம். ஆனால் தீர்வு வேறு வேறு. நடையை மட்டும் கூட்டியிருந்தால் பாதிக்கும் குறைவான பலனே கிடைத்திருக்கும்.

மனைவியிடத்தில் வேலை மாறியதும் வீடு மாறியதும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கின்றன. அவர் எடையேற்றத்தில் எந்தப் பங்கு எதற்கு என்று எங்களால் சொல்ல இயலவில்லை.

ஒரு குடும்பத்தை வைத்து வட்டார அமைப்பைக் குற்றம் சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. நடக்கப் பிடித்தவர்கள் நடக்க வசதியான இடத்தைத் தேடிப் போவார்கள். அதனால் இடத்துக்கும் எடைக்கும் இடையே தெரியும் தொடர்பு பொய்த்தோற்றமாகவும் இருக்கலாம். அதனால்தான் வீடு மாறியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளுக்கு மதிப்பு அதிகம். 2025இல் நேச்சர் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, ஊர் மாறிய 5,424 பேரின் கைப்பேசிக் காலடிகளைப் பார்த்தது: நடக்க எளிதான ஊருக்குப் போனவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 1,100 காலடி கூடுதலாக நடந்தார்கள், மறுபக்கம் போனவர்களுக்கு அதே அளவு குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 2001 முதல் 2012வரை எடுத்த கணக்கில், நடக்க மிக எளிதான வட்டாரங்களில் அதிக எடை உள்ளவர்களின் பங்கு ஏறாமல் நின்றது. நடக்கக் கடினமானவற்றில் ஏறிக்கொண்டே போனது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் புதுக் குடியிருப்புகளுக்குப் போனவர்களைப் பின்தொடர்ந்தவர்கள், அருகில் போய்வர இடங்கள் கூடக்கூட நடையும் கூடியதைக் கண்டார்கள். நம் குடும்பத்துக்கு வீடு குலுக்கலில் விழுந்தது. வண்டியோட்டும் ஆசையில் அங்கே போகவில்லை.

சிங்கப்பூர் அடர்த்தியான ஊர், ஆகவே நடக்க எளிது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். புது நகரில் வீடு முதலில் வருகிறது. சந்தை, ரயில், நிழல் பிறகு வருகின்றன. இடைப்பட்ட மூன்று நான்கு ஆண்டுகளில் பழக்கம் உறைந்துவிடுகிறது. நாட்டில் உடற்பருமன் உள்ளவர்களின் பங்கு 2019-20இல் 10.5 விழுக்காடு, 2023-24இல் 12.7. அதில் இந்த இடைக்காலத்தின் பங்கு சிறியதாகவே இருக்கலாம், ஆனால் தடுக்கக்கூடியது.

எடுத்த முடிவுகள்

வீட்டில் கேட்டது ஓடுபொறி. வேண்டாம் என்றோம். மூவரும் தங்கள் வாழ்நாளில் உடற்பயிற்சிக்கென நேரம் ஒதுக்கியதில்லை. 47 வயதில் அது திடீரென வரும் என்று எதிர்பார்ப்பதைவிட, போன காரணங்களில் எவற்றைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று பார்ப்பது மேல்.

கணவருக்கு முதலில் சொன்னது, வண்டியை விட்டுப் பேருந்தில் போய் இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்குவது. தோற்றுப்போனது. முதல் மாதத்தின் 22 வேலைநாளில் 9 நாள்தான் செய்தார். அந்த இரண்டு நிறுத்தமும் நிழலற்ற சாலையில் இருந்தன, சீருடை நனைந்தது, பயணம் 80 நிமிடத்தைத் தொட்டது. வழியை நாங்கள் நடந்து பார்க்காமல் பரிந்துரைத்தது பிழை.

இரண்டாவது ஏற்பாடு நிலைத்தது. மோட்டார்சைக்கிளில் 3 கிலோமீட்டரில் உள்ள எம்ஆர்டி நிலையத்துக்குப் போய், பக்கத்து வீவக நிறுத்துமிடத்தில் 65 காசுக்கு வைத்துவிட்டு ரயிலேறுவது. அந்த முனையில் பழைய 800 மீட்டர் நடை, கூரையோடு, அப்படியே காத்திருந்தது. வண்டியில் முழுவழி போவதைவிட ஒருவழிக்கு 15 நிமிடம் கூடுதல், பெட்ரோல் மிச்சம். இரவு வேலை நாள்களில் மட்டும் முழுவழி வண்டி.

உணவில் மாற்றியவை மூன்று. மாலை 5.30க்கு வேலையிடத்திலேயே ஒரு கிண்ணம் சுண்டல், ஏறக்குறைய 150 கிராம், காலையில் டப்பாவில் போட்டது; 7 மணிப் பசியின் கூர்மை அதில் போய்விடும். தே குடித்தால் ‘தே ஓ கோசோங்’, பாலும் சீனியும் இல்லாமல். வண்டியைக் கடைக்கு எதிர்ப்புற மின்தூக்கிப் பக்கமாக நிறுத்துவது. மூன்றாவது அற்பமாகத் தோன்றும். ஆனால் கடையின் தோசைக்கல் வாசனை வராத வழியில் ஏறியதுதான் மற்ற இரண்டையும் காப்பாற்றியது என்று அவரே பின்னர் சொன்னார்.

மனைவிக்கு: அரிசி, எண்ணெய், சலவைத்தூள் வாசலுக்கு வரட்டும், 10 கிலோ மூட்டையை யாரும் தூக்கி நடக்க வேண்டியதில்லை. கீரை, மீன், கறிவேப்பிலை மூன்றும் புதன், சனிக்கிழமைகளில் பக்கத்துப் பழைய நகரின் ஈரச்சந்தையிலிருந்து, தள்ளுகூடையோடு, பேருந்தில். போக வர நடை 1.6 கிலோமீட்டர், சந்தைக்குள் சுற்றுவது தனி. இதோடு இரவு 8.45க்கு மேல் கணவரும் மனைவியுமாக மறுநாள் பாலும் ரொட்டியும் வாங்கக் கடைத்தொகுதிக்கு நடப்பது; வெயில் போனபின் அந்த 720 மீட்டர் இதமான வழிதான். தையலில் 45 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து துணி வெட்டும் வேலையை நின்றபடி செய்ய மேசைக்கு 15 செ.மீ. உயரக் கட்டை வைக்கப்பட்டது.

தாயாருக்கு எடையைக் கூட்டுவதே குறி. காலையில் ஒரு முட்டை, மதியம் மீன் அல்லது கெட்டிப் பருப்பு, இரவில் ஒரு குவளைப் பால். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை, சுவரோரம். நான்காம் மாடித் தோட்டத்துக்கு முதல் வாரம் பேத்தி அழைத்துப்போனாள். இரண்டாம் வாரம் அருகில் மூத்தோர் கூடும் துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் தமிழ் பேசும் இரு பெண்களோடு அறிமுகமானது. அதற்குப் பிறகு அழைக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக, இடத்தைப் பற்றி எழுதுவது. முதல் மின்னஞ்சல் குடும்பமே எழுதியது: பதினொரு கோரிக்கை, ஆதங்கம் நிறைய, வரைபடம் இல்லை. வழக்கமான பதில் வந்தது. இரண்டாவது ஒரே பக்கம், மூன்று கோரிக்கை: எந்த விளக்குக் கம்ப எண்ணுக்கு அருகில் பெஞ்சு வேண்டும், எந்த நாள், எந்த நேரம் அளந்தபோது பச்சை எத்தனை நொடி, வேலியில் எந்த இடத்தில் நடைவழி திறந்தால் எத்தனை மீட்டர் மிச்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். விளக்குக் கம்ப எண் சிறு விஷயம்தான். ஆனால் வந்து பார்க்கும் அதிகாரி நேரே அந்த இடத்தில் நிற்க முடிகிறது.

பின்விளைவு

2025 அக்டோபரில், பன்னிரண்டு மாதம் கழித்து மீண்டும் அளந்தோம்.

கணவர் 80.6 கிலோ, பிஎம்ஐ 27.2, இடுப்பு 95. வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.8. காலடி 7,100. முதல் மூன்று மாதத்தில் 1.9 கிலோ இறங்கியது. பிறகு ஒரு கிலோ ஏறி, மார்ச்சில்தான் மீண்டும் இறங்கத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையின் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு நடை பாதியாகியிருந்தது. மழைநாளுக்கு மாற்று எதையும் நாங்கள் யோசித்து வைக்கவில்லை. பிப்ரவரியில் கார் நிறுத்துமிடத்தின் மேல்மூடிய தளங்களை ஏறி இறங்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. அதில் வண்டி வரும் ஆபத்து இருந்ததால் பத்து நாளில் நிறுத்தச் சொல்லி, புளோக்கின் மாடிப்படிக்கு மாற்றினோம்: ஏறுவது படியில், இறங்குவது மின்தூக்கியில், முழங்காலைக் காக்க.

மனைவி 66.8 கிலோ, 1.1 கிலோ மட்டுமே குறைந்தது. காலடி 6,300க்கு ஏறியும் எடை அதிகம் அசையவில்லை. உட்காரும் நேரம் குறையாததும், சந்தைநாளில் வழியில் சாப்பிடுவதும் காரணமாக இருக்கலாம். இடுப்பு 86. அவருக்கு மகிழ்ச்சி தந்தது வேறு: மீன்காரர் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், வவ்வால் மீன் வந்தால் எடுத்து வைக்கிறார். புதன்கிழமை விட்டுப்போகாததற்கு எடையைவிட அதுவே பெரிய காரணம்.

தாயார் 52.1 கிலோ. ஐந்து முறை எழும் நேரம் 13.5 நொடி. எல்லைக்குள் வரவில்லை, ஆனால் பாதை சரி. சந்திப்பில் அட்டையைத் தொட்டுவிட்டே கடக்கிறார்.

இடத்தில் மாறியவை: நான்காம் மாதம் ஒரு பெஞ்சு வந்தது, 340 மீட்டரின் நடுவில். ஏழாம் மாதம் கட்டுமானம் ஒரு பகுதி முடிந்து வேலியில் நடைவழி திறந்தது. 720 மீட்டர் 450 ஆயிற்று, சுற்றுவழி விகிதம் 1.5க்குள் இறங்கியது. அந்த மாதத்திலிருந்து இருவருக்கும் ஒவ்வொரு மாலை நடையிலும் காலடி எண்ணிக்கை குறைந்தது, ஆனால் கடைக்குப் போன நாள்கள் வாரத்துக்கு மூன்றிலிருந்து ஐந்தானது. தாயார் முதன்முறையாகத் தனியே கடைக்குப் போனதும் அப்போதுதான். சமிக்ஞை நேரம் மாறவில்லை. கூரை பற்றிக் கிடைத்த பதில், ரயில் நிலையத்தோடு சேர்த்துப் பார்க்கப்படும் என்பது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சாவி வாங்கும் மாதத்திலேயே எடை, இடுப்பு, காலடி மூன்றையும் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். ஒன்பது மாதம் பிந்தித் தொடங்கியதில் வண்டி வாங்கியாயிற்று, வேலை விட்டாயிற்று, கடைக்காரர் இவர் முகம் பார்த்ததும் கல்லில் புரோட்டாவைப் போடத் தொடங்கியாயிற்று. முதல் ஆறு வாரத்தில் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் மாற்று பேசியிருக்கலாம்.

மூத்தோரின் எடைக்குறைவை முதல் சந்திப்பிலேயே தனியாகப் பார்க்க வேண்டும். நாற்காலிச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். இந்தக் குடும்பத்தில் அதை மூன்றாம் வாரத்தில்தான் செய்தோம். அந்த மூன்று வாரமும் மகனின் சர்க்கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

காலடி இலக்காக 10,000 என்று எழுதிக் கொடுத்ததும் தவறு. கணவர் முதல் மாதம் அதை எட்டாத ஒவ்வொரு நாளையும் தோல்வியாகக் குறித்து வைத்திருந்தார். இழந்த 4,300இல் பாதியை மீட்பது என்று சொல்லியிருந்தால் இரண்டாம் மாதத்திலேயே எட்டியிருப்பார். எந்தப் பரிந்துரையையும் எழுதுமுன் அந்த வழியை, அந்த நேரத்தில், ஒருமுறை நடந்து பார்ப்பது இனி கட்டாயம் என்று வைத்திருக்கிறோம். மழைநாள் ஏற்பாடு நவம்பருக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

அடுத்த அளவீடு ரயில் நிலையம் திறந்து மூன்றாம் மாதம். வண்டி வீட்டிலேயே நிற்கிறதா, கூரை எந்தக் கம்பம்வரை வந்திருக்கிறது, நிலைய வாசலில் முதலில் திறக்கும் கடை எது, செவ்வாய்க்கிழமைகளில் தாயார் தோ பாயோக் கோயிலுக்குத் தனியாகப் போய்வர முடிகிறதா என்ற நான்கையும் எடையோடு சேர்த்துக் குறிப்பதாக இருக்கிறோம்.